பாம்புப் பெண்ணின் முகம்

நாகர்கோவிலில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கொடுத்த வேலை, நினைவஞ்சலி விளம்பரங்களைச் சரிபார்ப்பது. பெயர், ஊர், பிறப்பு, இறப்பு, படம். தவறு படத்தில்தான் வரும். கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவருவார்கள். இறந்தவரின் தோளில் யாருடைய கையோ கிடக்கும். ஒருமுறை அண்ணனின் படத்துக்குப் பதில் தம்பியின் படம் வந்து அச்சாகிவிட்டது. உயிரோடிருந்த தம்பி காலையிலேயே அலுவலகப் படியேறி வந்து நின்றார். அதன்பின் நான் முகத்தை நம்புவதை விட்டுவிட்டுக் காதைப் பார்க்கத் தொடங்கினேன். முகம் மெலியும், ஊதும், சதை தொங்கும். காதின் மடிப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

இந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. எதிரில் இருப்பவரின் காதைத்தான் இப்போதும் முதலில் பார்க்கிறேன்.

என் மைனியின் இடது காது மடல் கிழிந்தது. மைனி என்றால் என் அண்ணனின் மனைவி; நான் அவளுக்கு நாத்தனார், அவள் மகனுக்கு மாமி. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்ததில் துளையிலிருந்து கீழ்வரை பிளந்து, அப்படியே ஆறி, இரண்டு துண்டாக நின்றுவிட்டது. தைத்துக்கொள்ளச் சொன்னோம். கேட்கவில்லை. வலது காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு திரிந்தாள். யாராவது உற்றுப் பார்த்தால் அவளே சொல்லிவிடுவாள்: "மூஞ்சிய ஆண்டவன் செய்தான், காத எம்மவன் செய்தான்."

முகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்யாணமாகி வரும்போது நெற்றியில் இரண்டு மூன்று சிறிய கட்டிகள் இருந்தன. மகன் பிறந்த பிறகு அவை பெருகின. கன்னம், மூக்கு, கண்ணிமை, உதடு என்று முகம் முழுவதும் முந்திரிக்கொட்டை அளவில் தொங்கின. மருத்துவக் கல்லூரியில் காட்டியபோது, இது நரம்பில் வருவது, யாருக்கும் ஒட்டாது, வெட்டினாலும் திரும்ப வரும் என்றார்கள். மைனி செவ்வாய்க்கிழமைதோறும் புனிதரின் சிறிய கெபிக் கோயிலில் உப்பும் நல்லமிளகும் போட்டு வேண்டிக்கொண்டாள். மரு, பாலுண்ணி, தோலில் வரும் எதற்கும் எங்கள் கடற்கரையில் அதுதான் நேர்ச்சை.

"ஒரு சாக்கு நல்லமிளகாவது கொண்டு தட்டியிருப்பேன். கறி வச்சிருந்தா ஊரே சாப்பிட்டிருக்கும்" என்பாள்.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்கரையில் இருக்கிறது. அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அவர்களுடைய வீட்டுச் சுவரில் மாதா படம் இருக்கிறது, மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய படம் இருக்கிறது, மகன் துபாயில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன் நிற்கும் படம் இருக்கிறது. மைனியின் படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தின் மேல் மணப்பெண்ணின் வலைத்துணி விழுந்து கிடக்கும். மற்ற வீட்டு விசேஷங்களில் படமெடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்தும்போது அவள் யாருடைய பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவாள், அல்லது அடுக்களையில் வேலை வந்துவிடும். வா என்று யாரும் அழைத்ததில்லை. அதைக் கவனித்தவர்களும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடல் வீட்டுக்கு வருமுன் தெருமுக்கில் பிளக்ஸ் வந்துவிடும். பூ வளையத்துக்கு நடுவில் இறந்தவர் சிரித்துக்கொண்டிருப்பார். மைனி சந்தைக்குப் போகும்போது ஒவ்வொரு பிளக்ஸின் முன்னும் நின்று மதிப்பெண் போடுவாள்.

"இவளுக்குக் கொள்ளாம். நல்ல படம் கெடச்சிருக்கு."

"நீங்களும் ஒண்ணு எடுத்து வையுங்க மைனி."

"எனக்கு ஆதார் படந்தான். அதப் போட்டா போலீசு தேடுதுன்னுல்லா நெனைப்பானுவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எல்லா பிளக்ஸின் முன்னும் சொன்னாள்.

நான் பத்திரிகையை விட்ட மறுவருடம் சென்னையிலிருந்து ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. செல்பேசியிலும் டிவியிலும் பார்க்கிற திகில் தொடர் ஒன்று. ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. அதில் ஒரு பகுதி கடற்கரைத் திருவிழா மைதானத்தில் நடக்கிறது. வசனத்தை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக் கொடுக்க என்னை வைத்துக்கொண்டார்கள்.

கதை இது. திருவிழாவில் ராட்டினத்துக்கும் மரணக்கிணற்றுக்கும் நடுவில் ஒரு கூடாரம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மேசைமேல் ஒரு பாம்பு உடல், அதன் நுனியில் பெண்ணின் தலை. உடல் துணி. தலை மேசையில் இருக்கும் ஓட்டை வழியாக நீட்டிய உண்மையான தலை. அவள் முகம் முழுவதும் கட்டி. பார்த்துச் சிரித்தவர்கள் மறுநாள் விழித்தெழும்போது அவர்களுடைய முகத்திலும் அதே கட்டிகள். ஊரே ஒவ்வொருவராக அந்த முகமாக மாறுகிறது.

மைனிக்குக் கதையைச் சொன்னேன். கிழங்கு தொலித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பிடி வாறதுன்னா இந்த ஊர்ல ஒருத்தன் மிச்சம் இருப்பானா?" என்றாள். பிறகு, "சின்னதுல கோட்டாறு திருவிழாவுல நானும் பாத்திருக்கேன் அந்தப் பாம்புக்காரிய. எல்லாவனும் பயந்து நிக்கானுவ. நான் பக்கத்துல போயி, சோறு தின்னியான்னு கேட்டேன். இல்லேன்னு சொன்னா. பாவம்."

அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, அதுல என்னையும் போடச் சொல்லு."

"பேயாட்டு காட்டுவானுவ மைனி."

"பேயோ பிசாசோ. மூஞ்சி தெரியுமா?"

தெரியும் என்றேன். இயக்குநரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார், மீன் கறியும் கிழங்கும் சாப்பிட்டார், ஒப்புக்கொண்டார். முக்கிய நடிகை வேறு. மைனிக்குக் கூடாரக்காரியின் அக்கா வேடம். வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கவேண்டும், காமிராவைப் பார்த்து ஒரு வரி பேசவேண்டும்.

அந்த வாரம்தான் அவள் வாழ்க்கையிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட வாரம். ஒப்பனைக்காரர் வெள்ளைத் துணியின் முன் உட்காரவைத்து முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று எடுத்தார். நடிகைக்குப் பொருத்துவதற்காக அவள் முகத்தின்மேல் மாவு போன்ற ஒன்றைப் பூசி அச்சு எடுத்தார். காதுகளை விட்டுவிட்டார், ரப்பர் ஒட்டிய விளிம்பு காதுக்கு முன்னால் முடிந்துவிடவேண்டுமாம். நடிகை தினமும் வீட்டுக்கு வந்து மைனியோடு உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண். எங்கள் பேச்சின் ராகத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதற்கு முன் சீலை நுனியால் வாயைத் துடைத்துக்கொள்கிற மைனியின் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கவனித்து எடுத்தது அது.

மைனி மகனிடம் போனில் சொன்னாள், பக்கத்து வீடுகளில் சொன்னாள், மீன் விற்கும் பெண்களிடம் சொன்னாள். புதுச் சீலை எடுக்கப் புதுக்கடை ஊர்வரை போனாள். டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்குப் புதுச் சீலை இருக்காது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

படப்பிடிப்பன்று மத்தியானம் உதவி இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தொடரை வெளியிடும் நிறுவனத்தின் மும்பை அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது என்றான். உண்மையான நோய் உள்ள ஒருவரின் முகத்தைத் திகில் காட்சியில் காட்டக் கூடாது; அது அவர்களை இழிவுபடுத்துவதாகும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவங்க நல்லதுக்குத்தான். இன்னொரு விஷயம், டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். அவங்க முகம்தான் மேக்கப் மாதிரி தெரியுது. நம்ம ஆர்ட்டிஸ்ட் முகம் உண்மையா இருக்கு."

விதியில் குறை சொல்ல முடியாது. பத்திரிகையில் இருந்தபோது நானே அப்படி ஒரு தலையங்கத்துக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். மைனியிடம் போய்ச் சொன்னேன்.

"இழிவா?" என்றாள். "எனக்கா, இதே மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நிக்காளே அவளுக்கா?"

அவர்கள் அவளை அனுப்பிவிடவில்லை. நல்லவர்கள். கூட்டத்தோடு உட்காரட்டும் என்றார்கள், முகத்தை மட்டும் மூடிக்கொண்டால் போதும். தோளில் போடுகிற துவர்த்துத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மைனி அதைத் தலையோடு சுற்றி, கண்ணை மட்டும் விட்டுக் கட்டிக்கொண்டு, வாசலில் டிக்கெட் கிழித்தாள். அவளைச் சுற்றி ஊர்க்காரர்கள் வேடத்தில் ஆறேழு துணை நடிகர்கள் நின்றார்கள். அத்தனை பேர் முகத்திலும் அவளுடைய கட்டிகள். ஒரே அச்சில் வார்த்தவை. அவர்கள் டீ குடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், செல்பி எடுத்தார்கள். அந்த மைதானத்தில் அந்த முகத்தை மூடிக்கொண்டிருந்தது அதற்குச் சொந்தக்காரி மட்டும்தான்.

"பாத்தியாட்டி, எல்லாவனுக்கும் என் மூஞ்சி" என்றாள் துவர்த்துக்குள்ளிருந்து. சிரிக்கிறாளா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

தொடர் வெளியான வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் அண்ணன் வீட்டில் கூடினார்கள். மகன் வாங்கி அனுப்பிய பெரிய டிவி. வெளிச்சம் விழாமலிருக்க ஜன்னலைச் சாத்தினார்கள். கூடாரத்துத் திரை விலகியது. மேசைமேல் தலை. நடிகை வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், நான் எழுதிக்கொடுத்த வரியைப் பேசினாள்.

"ஏட்டி, இது நீதானே?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

மைனி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"பின்ன ஆரு, ஒனக்க மாமியாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே இருக்கு, நல்லா நடிச்சிருக்கே, பேச்சும் ஒனக்க பேச்சுதான் என்றார்கள். மேக்கப் போட்டுக் கொஞ்சம் கூட்டியிருக்கானுவ என்றாள் ஒருத்தி. மைனி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கூடார வாசல் வந்தது. துவர்த்தைச் சுற்றிய ஓர் உருவம் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியது. புதுச் சீலையின் கரை கொஞ்சம் தெரிந்தது.

"அது ஆரு, மூடிக்கிட்டு?"

"ஆருக்குத் தெரியும்" என்றாள் மைனி. "எவளோ ஒருத்தி."

அண்ணன் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வலை தைக்கப் போனான். துபாயிலிருந்து மகன் போன் செய்தான். அம்மா, கூட இருக்க பயலுவ எல்லாம் மிரண்டுட்டானுவ என்றான். பெண்கள் போனபின் மைனி ஜன்னலைத் திறந்தாள்.

"வாயத் தொறந்திராத, கேட்டியா."

நான் திறக்கவில்லை. சில வாரங்கள் சந்தையில் ஆட்கள் அவளை நிறுத்திப் பேசினார்கள். பிள்ளைகள் பின்னால் வந்தார்கள், முன்பு போலக் கேலிக்கு அல்ல. நான் வேலைபார்த்த நாளிதழின் ஞாயிறு மலரில் விமர்சனம் வந்தது. அந்தப் பகுதியின் உண்மையான நாயகன் ஒப்பனைதான் என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த ஜூன் மழையில் மைனிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறி, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில் நெஞ்சு வலித்து இறந்துபோனாள். தகவல் கேட்டு நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கியபோது முக்கில் பிளக்ஸ் எழும்பியிருந்தது.

பூ வளையம். புறா. நடுவில், கொஞ்சம் வலதுபுறம் திரும்பி, சிரிக்கப் போகிற முகம். பின்னால் இருந்த கூடாரத்தை அழித்து நீலவானம் வைத்திருந்தார்கள். இடது காது முழுசாகத் தெரிந்தது. மடலில் கிழிசல் இல்லை.

கீழே இரண்டு பெண்கள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடிகைக்குப் பார்வை மறைக்கிறது என்று ஒப்பனைக்காரர் அச்சில் இமையில் இருந்த கட்டியை எடுத்திருந்தார். பேச வேண்டுமென்பதற்காக உதட்டில் இருந்ததையும் எடுத்திருந்தார்.

"கடைசி நேரத்துல மூஞ்சி எப்பிடி தெளிஞ்சிருக்கு, பாத்தியா" என்றாள் ஒருத்தி.

"உப்பும் நல்லமிளகும் வீணாப் போவல" என்றாள் மற்றவள்.

படத்தை அனுப்பியது மகன். அங்கிருந்தே தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அம்மா சிரிக்கிற இடமாகத் தேர்ந்தெடுத்து, பிளக்ஸ் கடைக்கு அனுப்பியிருக்கிறான். மறுநாள் அவன் வந்து சேர்ந்து அடக்கம் முடிந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டிலும் அதே படம்தான் சட்டமிட்டு நின்றது. பெட்டிக்குள் இருந்தவளுக்கும் சட்டத்துக்குள் இருந்தவளுக்கும் நடுவில் மெழுகுவர்த்தி எரிந்தது. வந்தவர்கள் சட்டத்தைப் பார்த்து அழுதார்கள். அது பார்க்க எளிதாக இருந்தது.

கல்லறைக்குக் கறுப்புக் கல்லில் உருவம் பொறிக்க அதே படத்தைக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது ஒப்பனைக்காரருக்குப் போன் செய்தேன். அச்சு எடுக்குமுன் எடுத்த படங்களைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் அன்றே அனுப்பினார். வருத்தமும் தெரிவித்தார். வெள்ளைத் துணி; எல்லாப் படத்திலும் கன்னத்தை ஒட்டி ஓர் அளவுகோல். கண்ணை மூடச் சொன்னதால் மூடியிருந்தாள். ஒன்றில் மட்டும், முடிஞ்சுதா என்று கேட்க வாயெடுத்தவள் போலக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காதின் இரண்டு துண்டும் தெளிவாகத் தெரிந்தன.

அதைக் கொண்டுபோய் அண்ணனிடமும் மகனிடமும் காட்டினேன். பிளக்ஸில் இருப்பது யார் என்றும் சொன்னேன். மைனி வாயைத் திறக்காதே என்று சொன்னது அவள் உயிரோடிருக்கும்வரைக்கும்தான் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டிருந்தேன்.

மகன் என் போனை வாங்கினான். காதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது நான் பிச்சது, மாமி" என்றான். பிறகு அப்பாவிடம், "இந்த ஸ்கேலக் கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்ப்பா. இதக் குடுப்போம்" என்றான்.

அண்ணன் போனை வாங்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாட்டி?" என்றான் என்னிடம். "இத்தன வருசம் கூடக் கெடந்தவன். டிவியில பாத்த அன்னைக்கே தெரியும். அவ ஆமான்னு சொன்னா. ஊருக்கு முன்ன நான்தான்னு அவ சொன்ன ஒரே படம் அது. இப்பம் வேற படத்தப் போட்டா, அப்ப அது ஆருன்னு கேப்பானுவ. செத்தவள எதுக்குப் பொய்க்காரியாக்கணும்?"

ஒரு படத்துக்காக ஆசைப்பட்டவளின் பொய்யைக் காப்பாற்ற, அவளுடைய ஒரே படத்தைப் போனிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றாம் நாள் திருப்பலிக்கு முன் கல் பதித்தார்கள். நடிகையின் கண், நடிகையின் காது, ரப்பர் கன்னம், அடியில் மைனியின் பெயர். மகன் அந்த வாரமே திரும்பிப் போனான்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனேன். ஊர் முழுக்க மெழுகுவர்த்தியோடு மணலில் நின்றது. மைனியின் கல்லருகே மூன்று பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எலே, இது அந்த பாம்புப் பேய்ல்லா?"

அடுத்த வீட்டுக்காரி அவர்களை விரட்டிவிட்டு, கல்லில் இருந்த தூசியைச் சீலையால் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

"இங்க பாருங்க, எந்தப் பயலோ கல்லக் கீறி வச்சிருக்கான்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். இடது காது மடலில், துளையிலிருந்து கீழ் விளிம்புவரை, ஆணியால் பலமுறை அழுத்தி இழுத்த கோடு. கறுப்புக் கல்லில் கீறினால் வெள்ளையாகத் தெரியும். கோணலாக, ஆழமாக இருந்தது. முகத்தில் வேறெங்கும் தொட்டிருக்கவில்லை.

"பாலீசுக்காரன வரச் சொல்லுங்க. தேய்ச்சா போயிரும்" என்றாள் அவள்.

அண்ணன் குனிந்து மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து நட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அது கெடக்கட்டு" என்றான்.